குடலின் குடிகளும் நமது கூச்சமும்

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி பிறந்த கதையில் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. நெடுங்காலத்திற்கு முன் சதுப்பில் வீழ்ந்த தாவரங்களை மட்கச் செய்யும் பணியை அவையே தொடங்கி வைத்தன. அத்தகைய கண்ணுக்குத் தெரியாத பணியாளர்கள் நம் பெருங்குடலிலும் கோடானுகோடியாய் வாழ்கின்றனர். படைத்தவனின் ஏற்பாட்டில் அவர்களுக்கும் ஓர் அலுவல் உண்டு. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தை உண்டாக்குகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள்.

எனினும் எல்லாக் குடிகளும் நல்லவை அல்ல. ஃபூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் வாயில், ஈறுகளின் ஓரத்தில் வாழ்வது. பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் அது மிகுந்திருப்பதை அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் 2011இல் தனித்தனியே கண்டறிந்தனர். ஈ. கோலி வகைகள் சிலவோ கோலிபாக்டின் என்னும் நஞ்சைச் சுரந்து மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. பதினொரு நாடுகளின் 981 நோயாளிகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு, அந்நஞ்சின் தழும்புகள் எழுபது வயதைக் கடந்தபின் நோயுற்றோரைவிட நாற்பது வயதுக்குள் நோயுற்றோரிடம் மூன்று மடங்குக்கும் மேல் மிகுந்திருப்பதாகக் கூறுகிறது. நுண்ணுயிர் மட்டுமே புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது இதன் பொருளன்று. உணவு, உடல் பருமன், புகை, மது, பரம்பரை ஆகியவையும் சேர்ந்தே நோயை வளர்க்கின்றன.

உணவின் வலிமைக்கு 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு சான்று. அமெரிக்கக் கறுப்பின மக்களும் தென்னாப்பிரிக்கக் கிராம மக்களும் இரு வாரங்கள் தத்தம் உணவை மாற்றிக்கொண்டனர். நார்ச்சத்து மிக்க உணவுக்கு மாறியோரின் குடலில் பியூட்டிரேட் பெருகியது, அழற்சி தணிந்தது. மற்றவர்களிடம் இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சியை ஓரம் தள்ளிவிட்டு, பொரித்த பண்டங்களால் இஃப்தார் விரிப்பை நிரப்பும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்காக விட்டுவைக்கக் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மிஸ்வாக் புற்றுநோயைத் தடுக்கும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாகச் செய்தி பரப்புவது முறையன்று, அவ்வாறு நிறுவப்படவில்லை. வாயைத் தூய்மையாக வைத்திருப்பது நமக்கு வணக்கத்தோடு இணைந்த சுன்னத். அதன் மதிப்பை உயர்த்த ஆதாரமற்ற செய்தி தேவையில்லை.

நம்மை உண்மையில் கொல்வது கூச்சம். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்து நாட்டு மருந்தோடு மாதங்களைக் கழிப்போர் பலர். பெண்கள் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. இந்தக் கூச்சம் மார்க்கம் தந்ததா? ஃபிக்ஹு நூல்கள் தூய்மையின் பாடத்தோடுதான் தொடங்குகின்றன. மலஜலத்தின் சட்டங்களை மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கே தயக்கமின்றிக் கற்பிக்கிறோம். வெட்கம் தடுக்காமல் மார்க்கத்தைக் கேட்டறிந்த அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். உளூ முறிந்ததா என்று ஹஸ்ரத்திடம் கேட்கத் தயங்காத நாம், மருத்துவரிடம் மட்டும் வாய்மூடி நிற்பது ஏன்?

அரசின் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே நோக்குகிறது. பெருங்குடல் அதில் இல்லை. ஆகவே முதல் அடியை நாமே எடுத்துவைக்க வேண்டும். இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமறியாத இரத்தசோகை, எடைக்குறைவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவரைக் காணுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நெய்வேலி நகரியத்திலேயே மருத்துவமனை உண்டு. புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தொலைவில்தான். உள்நோக்கிப் பரிசோதனையில் காணப்படும் சிறு கட்டிகளைப் புற்றாக மாறுமுன்பே அகற்றிவிட இயலும்.

நம் பள்ளிவாசல்களின் ஜும்ஆ உரைகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இது பேசப்பட வேண்டும். உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் இல்லை. கேளாமல் இழப்பதே இழப்பு.