மாடியில் ஒரு குட்டி நீலம்

ஆன்லைனில் 'ஃபர்கெட் மீ நாட்' விதை வாங்கி, சென்னை மொட்டைமாடியில் விதைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. முளைத்தது, நாலு இலை விட்டது, மார்ச் வெயிலில் கருகிவிட்டது. குற்றம் விதையில் இல்லை, நம் ஊர் வெயிலில்!

இதன் தாவரப் பெயர் மயோசோடிஸ். கிரேக்க மொழியில் 'எலிக் காது' என்று பொருள். இலையைப் பார்த்து வைத்த பெயர். ஐரோப்பாவின் குளிரில் வளரும் இந்தச் செடி, பெரும்பாலும் முதல் வருடம் இலை மட்டும் விடும். குளிர்காலம் கடந்த பிறகுதான் பூக்கும். சென்னையிலோ ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அந்தக் குளிர் போதாது.

அதே குட்டி நீலம் வேண்டுமா? நர்சரியில் 'ப்ளூ டேஸ்' என்று கேளுங்கள். எவால்வுலஸ் என்றும் சொல்வார்கள். பிரேசில் நாட்டுச் செடி என்பதால் நம் வெயில் இதற்குப் பழக்கம்தான்.

8 அங்குலத் தொட்டி போதும். செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நடுங்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் படர்ந்து பூக்கும். வெயிலைவிட இதற்கு ஆபத்து நவம்பர் மழைதான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மூன்று அங்குலக் குச்சி வெட்டி நட்டால், இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. நம் தரிசு நிலங்களில் தானாக முளைக்கும் விஷ்ணுகிரந்தியும் இதே குடும்பம்தான். சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கும், ஆயுர்வேதத்தில் ஞாபக சக்திக்கும் பெயர் பெற்றது. பூ ஒன்றுபோல இருக்கிறதே என்று தொட்டியில் உள்ள ப்ளூ டேஸைப் பறித்துப் பாட்டிக்குக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அது மூலிகை, இது அலங்காரச் செடி. மறதி அதிகமானால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று: செடி வாங்கக் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்கு மேல் பூ மூடிக்கொள்ளும். 'இதுவா நீலப்பூ?' என்று வெறுங்கையோடு திரும்பிவிடுவீர்கள்.