மூன்றாண்டு ஆயுளும் நாற்பதாண்டு இயந்திரமும்

வங்கிக் கணக்கு நடைமுறைப்படி ஒரு கணினியின் ஆயுள் மூன்று ஆண்டுகள். ஆண்டுதோறும் 33.33 விழுக்காடு தேய்மானம் எழுதுகிறோம். நான்காம் ஆண்டில் அதன் ஏட்டு மதிப்பு மறைந்துவிடுகிறது. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இதில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும், ஏட்டில் மதிப்பற்றுப்போன பொருள் உண்மையிலேயே மதிப்பற்றதா என்னும் ஐயம் சென்ற ஆண்டு முதல் என்னை விடாமல் தொடர்கிறது. அதற்குக் காரணம், திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் பழைய சாமான் வாங்கி விற்பவர் ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிவந்த ஒரு பழங்கணினி.

பழுப்பேறிய பிளாஸ்டிக் உறை. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டிக்குள். ஏதோ ஒரு பள்ளியின் வைப்பறையைக் காலி செய்தபோது எடைக்கு வந்ததாகக் கடைக்காரர் சொன்னார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட ‘பி.பி.சி. மைக்ரோ’ கணினியின் இந்திய வடிவம் அது. ஏகார்னிடம் உரிமம் பெற்று, மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் ‘எஸ்.சி.எல். யூனிகார்ன்’ என்ற பெயரில் இதைத் தயாரித்தது. 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினிகள் பி.பி.சி. மைக்ரோ வகையைச் சேர்ந்தவையே. என் வயதினர் சிலர் பூட்டிய கண்ணாடி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்த பொருள் அதுவாக இருக்கக்கூடும்.

நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப் போல நூறு மடங்கு இடம் கேட்கும். வீட்டில் எழுந்த முதல் கேள்வியும் அதுதான்: இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்கு விடை சொல்லும் முன் அதை ஓடவைக்க வேண்டியிருந்தது. கரமனையில் நெடுங்காலமாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவரும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். பெட்டியைத் திறக்கும் முன்பே அவர், “சாறே, கறண்ட் கொடுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. பழைய மின்கருவி கையில் கிடைத்தவுடன் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது மனித இயல்பு. பல கருவிகள் மாள்வதும் அந்த நொடியில்தான்.

இந்தக் கணினியின் மின்வழங்கிக்குள், வீட்டு மின்சாரம் நுழையும் இடத்திலேயே, இரைச்சலைக் குறைப்பதற்கென்று இரண்டு மின்தேக்கிகள் உள்ளன. உலோகப் பூச்சிட்ட காகிதத்தைச் சுருட்டி, ஒளி ஊடுருவும் பிசின் உறையில் அடைத்துச் செய்யப்பட்டவை. காலப்போக்கில் அந்த உறையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். அவற்றின் வழியே காற்றின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒருநாள் மின்சாரம் பாய்ந்ததும் அது சூடாகி வெடித்து, அறை முழுவதும் கடும் நெடியுடன் புகை சூழும். இங்கிலாந்தின் குளிரிலேயே இந்தக் கதி என்றால், ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளில் நனையும் நம் ஊரில் அவை தப்ப வழியே இல்லை. விளக்கொளியில் காட்டினார், இரண்டிலும் வெடிப்பு. இருபது, முப்பது ரூபாய்ச் செலவில் தீர்ந்த வேலை அது. ஆனால் அந்த இடத்தில் சாதாரண மின்தேக்கியைப் பொருத்தக் கூடாது, ‘எக்ஸ்-2’ வகைதான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அவ்வகை, பழுதடைந்தாலும் தீப்பற்றாத விதத்தில் செய்யப்பட்டது. சென்னைக்கு அலுவலாகச் சென்றபோது ரிச்சி தெருவில் வாங்கிவந்தேன்.

மின்வழங்கி சரியானதும் கணினி வாய் திறந்தது. ஆனால் ஒரே தொனியில் நிற்காமல் ஊளையிட்டது. நலமாக இருக்கும் இயந்திரம் முதலில் நீண்ட தாழ்ந்த ஒலியையும் அடுத்துக் குறுகிய உயர்ந்த ஒலியையும் எழுப்ப வேண்டும். முதல் ஒலி மட்டும் நீண்டுகொண்டே போனால், செயலி தன் வேலையைத் தொடங்கவே இல்லை என்று பொருள். வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் தேடினோம். வரைபடம் என்றேன் அல்லவா? அதன் ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை எவரும் படித்தறியலாம். சில்லுகளைக் குழியிலிருந்து மெல்ல நெம்பியெடுத்து, கால்களில் படிந்திருந்த களிம்பைத் துடைத்து மீண்டும் அமர்த்தினோம். ஓணத்துக்கு முந்திய வாரத்தில் அந்த இரண்டாம் ஒலி கேட்டது. திரையில் ‘பேசிக்’ என்ற சொல்லும் அதன் கீழே ஒரு சிறு குறியும் தோன்றி, கட்டளைக்குக் காத்திருந்தன. முதியவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் வாங்கிவரப் பையனை அனுப்பினார்.

என்ன செய்வது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: புரிந்துகொள்ளலாம். பொறியியல் படிக்காத என்னால், மின்சாரம் நுழையும் இடம் தொடங்கித் திரையில் எழுத்து தோன்றுவது வரை என்ன நடக்கிறது என்பதை ஒரு மழைக்காலத்திற்குள் ஏறத்தாழப் பின்தொடர முடிந்தது. கோடிக்கணக்கான பரிமாற்றங்களை நொடிப்பொழுதில் முடிக்கும் இன்றைய வங்கிக் கணினியமைப்பை அப்படிப் பின்தொடர எவராலும் இயலாது, நம்புகிறோம், அவ்வளவே. நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட தொழிலில் இருப்பவன் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நம்புவதற்கும் அறிவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை விரலால் தொட்டுணரும் வாய்ப்பு இளையவர்களுக்கு அரிதாகிவருகிறது.

இன்னொன்றும் உண்டு. பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்த குழுவின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதே நிறுவனத்தில் அடுத்து வடிவமைத்த ‘ஆர்ம்’ செயலி 1985இல் உயிர்பெற்றது. இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியின் இதயம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மொகாலி ஆலையோ 1989இல் தீ விபத்தில் அழிந்தது. நாடு சில்லுத் தொழிலில் இழந்த ஆண்டுகளை எண்ணினால் மனம் கனக்கும். பின்னர் அது மீண்டெழுந்து, 2006இல் விண்வெளித் துறையின் கீழ் வந்தது. இவ்வூர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த ‘விக்ரம்’ செயலி 2009 முதல் நம் ஏவூர்திகளில் பறக்கிறது; பின்னர் அது அங்கேயே தயாராகத் தொடங்கியது. அதன் 32 பிட் வடிவம் 2025 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. சாலைக் கடைவீதியில் எடைக்குக் கிடந்த பெட்டிக்கும் தும்பாவிலிருந்து வரும் வடிவமைப்புகளுக்கும் இடையே இப்படியொரு உறவு இருப்பதை அந்தப் பெட்டியை வாங்காமல் நான் அறிந்திருக்க மாட்டேன்.

இனி ஒரு ஒப்புதல். 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, வங்கிக் கிளைகளுக்குப் பேரேடு பதியும் இயந்திரங்கள் வந்தன. கைப்பேரேட்டுக்கும் இன்றைய மையக் கணினியமைப்புக்கும் நடுவே நின்ற பாலம் அவை. நான் இளநிலை அதிகாரியாக இருந்த கிளையின் மாடிப்படிக்குக் கீழே அப்படி ஒன்று தூசியோடு கிடந்தது. கழிவுப் பொருள் பட்டியலில் அதைச் சேர்த்துக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். எடைக்குப் போனது. அன்று அதைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நிறுவனங்களை நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெரும் நுகர்வோர் தம் கழிவைப் பதிவு பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும். சரியான விதி, ஈயமும் காட்மியமும் ஓடையில் கலப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ‘கழிவு’ என்று முத்திரை குத்தும் முன்பு, ஒவ்வொரு வகையிலும் ஓடக்கூடிய ஒன்றை எடுத்துவைக்கலாமே! கேரளத்துப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் 2018 முதல் இயங்குகின்றன. திறந்து பார்க்க ஒரு பழைய பெட்டி அவர்களுக்குக் கிடைத்தால், புதியவை பத்து கற்பிக்காததை அது கற்பிக்கும்.

தனியாக வாங்க விரும்புவோருக்கு: இதை முதலீடு என்று எண்ணாதீர்கள், திரும்ப விற்க உறுதியான சந்தை இல்லை. இதற்காகக் கடன் கேட்டு என்னிடம் வந்தால் நானே தடுப்பேன். 1980களின் இறுதியில் வந்த கணினிகளில், தாய்ப்பலகையில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் மின்கலம் கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும்; பச்சைக் கறை தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வட்டுகளில் பூசணம் பிடித்திருந்தால் அவற்றை ஓட்டியில் செருக வேண்டாம்; படிக்கும் முனையும் கெடும்.

சென்ற மாதம் எங்கள் கிளையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நாகர்கோவில்காரர், எண்பதுகளில் கணினிக்கு எதிராகச் சங்கக் கொடி பிடித்தவர். இயந்திரத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 10,000 ரூபாய்க்கு 11 விழுக்காடு, காலாண்டுக் கூட்டு வட்டி, ஐந்தாண்டுக்கு எவ்வளவு வருமென்று கேட்கச் சொன்னார். நான் நான்கு வரியில் கட்டளை எழுதுவதற்குள் அவர் தாளில் போட்டு முடித்திருந்தார்: 17,204 ரூபாய் 28 பைசா. திரையில் 17204.2843 என்று வந்தது. தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்து இருமுறை சரிபார்த்தார்.

“கணக்கு சரிதான் தம்பி,” என்றார். “ஆனால் பைசாவுக்குக் கீழே நம் வங்கி யாருக்கும் கொடுத்ததில்லை.”