எண்ணும் செவியும்

செங்கற்பட்டுக் கடைத்தெருவில் மண்பானை வாங்கும் மூதாட்டி ஒருத்தியைப் பாருங்கள். அவள் பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறாள். 'கணீர்' என்று ஒலித்தால் விலை பேசுகிறாள். மங்கி ஒலித்தால் கீழே வைத்துவிடுகிறாள். கண்ணுக்குப் புலப்படாத கீறல் அவள் செவிக்குப் புலப்பட்டுவிடுகிறது.

அவ்வூரிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். பல்லவர் காலத்துக் கற்கோயில்களைக் காணச் செல்வோரை முதலில் வரவேற்பது உளியின் ஓசையே. சாலையோரக் கூடங்களில் சிற்பிகள் இன்றும் கல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கின்றனர். அவர்களும் ஒரு கல்லைத் தேர்ந்தெடுக்கும்பொழுது தட்டிப் பார்த்தே தேர்கின்றனர். மணிபோல் ஒலிக்கும் கல்லை ஆண்கல் என்றும், வெண்கலத் தாளம்போல் ஒலிக்கும் கல்லைப் பெண்கல் என்றும் சிற்ப மரபு வகுத்துள்ளது. ஓசை எழாத கல்லைத் தெய்வத் திருவுருவத்திற்குக் கொள்ளமாட்டார்கள்.

பானைக்கும் கல்லுக்கும் செவியைத் துணைக்கொண்ட நாம், செவிக்காகவே செய்யப்பட்ட கருவிகளை வாங்கும்பொழுது செவியை மறந்துவிடுகிறோம். இது விந்தையன்றோ? பாட்டைக் கேட்பதற்காக ஒரு கருவியை வாங்கச் செல்கிறோம். ஆனால், பாட்டைக் கேளாமல் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்துவிட்டுத் திரும்புகிறோம். இவ்வழக்கம் சரியானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1982-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனமும் நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனமும் கூடி உருவாக்கிய குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அவ்வட்டில் இசை முழுவதும் எண்களாகவே பதிந்திருக்கிறது. ஒலியின் அலை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. அதனை இசைக்கும் கருவியை 'சி.டி. பிளேயர்' என்று மக்கள் வழங்கினர். இசையே எண்ணாக மாறிய பின்னர், இசைக்கருவியின் தரத்தையும் எண்ணாலேயே அறியலாம் என்னும் எண்ணம் பரவியது இயற்கையே.

அந்த எண்களை நாம் இகழ்தல் ஆகாது. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று விவரத்தாள் கூறுகிறது. இளமையில் மனிதச் செவி உணரக்கூடிய ஒலியின் எல்லை ஏறத்தாழ அதுவே. மிகத் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் கருவி எட்டுமா என்பதை அறிய அந்த எண் உதவுகிறது. இரைச்சல் எவ்வளவு, திரிபு எவ்வளவு என்பவற்றையும் எண்கள் சொல்லும். அளவு இல்லையேல், விற்போர் சொல்லும் புகழுரையைத் தவிர வாங்குவோர்க்கு வேறு ஆதாரம் இராது. ஆகவே, எண் நமக்கு நண்பனே. ஆனால், நண்பன் கூறாமல் விட்டதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இதனை நான் ஒரு நிகழ்ச்சியினால் கற்றேன். ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டில், கடற்கரையை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். மாணவர் நல்ல இசையைக் கேட்டு வளரவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். கடலில் வலைவீசுவோரும் கல்லுடைப்போரும் தம் கூலியிலிருந்து சிறிது சிறிதாகப் பணம் சேர்த்துத் தந்தனர். குறுந்தகடு இசைக்கும் கருவியும் இரண்டு ஒலிப்பெட்டிகளும் அடங்கிய தொகுதி ஒன்றை வாங்குவதற்கு ஐவர் கொண்ட குழு செங்கற்பட்டுக்குச் சென்றது. அக்குழுவில் நானும் ஒருவன். எங்கள் ஊர்க் கோயிலில் தவில் வாசிக்கும் முதியவர் ஒருவரும் உடன் வந்தார்.

கடைக்காரர் ஒரே விலையுள்ள இரண்டு தொகுதிகளைக் காட்டினார். ஒன்றின்மேல் '2,000 வாட்' என்றும், '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மற்றொன்றின் எண்கள் மிகவும் எளியவை. '30 வாட்' என்றே அதில் இருந்தது.

"ஐயா, இரண்டையும் பாடவைத்துக் கேட்டுவிடுவோமே" என்றார் தவில்காரர்.

"பெரியவரே, எண்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே! இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார் கடைக்காரர்.

நாங்கள் நால்வரும் தலையசைத்தோம். 2,000 பெரிதா, 30 பெரிதா என்று குழந்தையும் அறியுமன்றோ? முதியவர் பின் ஒன்றும் பேசவில்லை.

பள்ளி ஆண்டுவிழா அன்று ஊரார் முன்னிலையில் நாதசுவரத் தகடு ஒன்றை இசைக்கச் செய்தோம். ஒலி உரக்க எழுந்தது. ஆனால் இனிமை இல்லை. இன்னும் சற்று உயர்த்தியபொழுது ஒலிப்பெட்டிகள் நடுங்கி அதிர்ந்தன. தவில்காரர் சிறிது நேரம் தலைகவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னை நோக்கி, "ஐயா, வலந்தலை மட்டுந்தான் பேசுகிறது, தொப்பி எங்கே போயிற்று?" என்று வினவினார். தவிலின் வலப்புறத்துக் கூரிய ஓசை கேட்டது. தொப்பி எனப்படும் இடப்புறத்தின் ஆழ்ந்த முழக்கம் காணாமற் போயிருந்தது. பணம் தந்தவர்கள் எதிரே அமர்ந்திருந்தனர். அன்று நான் அடைந்த நாணம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் மறுநாள் அப்பெட்டியை ஆராய்ந்தார். அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில், அது எடுத்துக்கொள்ளும் மின்திறன் 35 வாட் என்று குறித்திருந்தது. 35 வாட் வாங்கும் கருவி 2,000 வாட் கொடுப்பது எவ்வாறு? நூறு படி நீர் ஊறும் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஆயிரம் படி இறைக்க முடியுமா? அந்தப் பெரிய எண், 'பி.எம்.பி.ஓ.' எனப்படும் உச்சத்திறன் கணக்கு. நொடியின் மிகச் சிறிய கூறளவில் எழக்கூடியதாகக் கருதப்படும் திறனை அது குறிக்கிறது. அதனைக் கணக்கிடுவதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. ஆதலின், அவரவர் விரும்பியவாறு எண்ணைப் பெருக்கிக்கொள்ள இடமுண்டாயிற்று.

20 முதல் 20,000 வரை என்ற எண்ணோ பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மையே. கருவி அந்த எல்லைவரை ஒலிக்கும் என்று அது கூறியது. எல்லா இடத்திலும் ஒரே வலிமையுடன் ஒலிக்கும் என்று கூறவில்லை. கொளவாய் ஏரியின் பரப்பை மட்டும் சொல்லி, ஆழத்தைச் சொல்லாமல் விடுவது போன்றது இது. தாழ்ந்த ஒலி 20 டெசிபெல் குறைந்துபோனால், அதன் ஆற்றல் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒலி இருக்கிறது என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். செவி அதனைக் கேட்காது. நேர்மையான விவரத்தாள், '3 டெசிபெல் ஏற்றத்தாழ்வுக்குள்' என்பது போன்ற வரம்பையும் சேர்த்தே குறிக்கும். அவ்வரம்பு இல்லாத எண்ணை ஏட்டுச் சுரைக்காய் என்றே கொள்ளவேண்டும்.

பெரிய எண் எப்பொழுதும் மேலானது என்று கருதுவதும் தவறாகும். குறுந்தகட்டின் தொடக்க காலத்தில் சோனியின் கருவி 16 பிட் அளவில் எண்ணை ஒலியாக மாற்றியது. பிலிப்ஸின் கருவியோ 14 பிட் மாற்றியையே கொண்டிருந்தது. தாளை மட்டும் பார்த்தவர் பிலிப்ஸ் தாழ்ந்தது என்று முடிவு செய்திருப்பர். ஆனால், அந்நிறுவனத்தின் பொறியியலார் அளவுகளின் வேகத்தை நான்கு மடங்காக்கும் நுட்பத்தைக் கையாண்டு, சிறிய எண்ணின் குறையை ஈடுசெய்தனர். அதன் இசையைக் கேட்ட பலர் அதனைப் பாராட்டினர். ஓர் எண்ணைத் தனியே பிரித்து வைத்துப் பார்த்தால், அதனோடு சேர்ந்து இயங்கும் மற்றவை மறைந்துவிடுகின்றன.

அப்படியானால் எண்களை எறிந்துவிட்டுச் செவி ஒன்றையே நம்பலாமா? அதுவும் ஆகாது. செவியும் ஏமாறும்.

தாமஸ் ஆல்வா எடிசனின் நிறுவனம் 1912-ஆம் ஆண்டில் ஒரு புதிய இசைத்தட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் பெருமையை நிலைநாட்ட, 1915-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அமெரிக்க நாட்டின் ஊர்தோறும் நிகழ்ச்சிகள் நடந்தன. பாடகி மேடையில் கருவியின் அருகே நின்று, இசைத்தட்டுடன் சேர்ந்து பாடுவார். திடீரென்று விளக்குகள் அணைக்கப்படும். பாட்டு இடையறாமல் தொடரும். மீண்டும் விளக்கேற்றும்பொழுது பாடகி மேடையில் இருக்கமாட்டார். கருவி மட்டுமே பாடிக்கொண்டிருக்கும். வேறுபாடு காண இயலாத மக்கள் வியந்து ஆரவாரித்தனர். அந்தக் கருவியோ மிகத் தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் வெளியிட இயலாதது. அந்நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸ் என்னும் பாடகி, தம் குரலைக் கருவியின் குரலுக்கு ஏற்ப அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் கூறினார். கருவி மனிதக் குரலுக்கு உயரவில்லை; மனிதக் குரலே கருவிக்கு இறங்கியது. ஓர் அளவுகருவி அன்று அவ்வரங்கில் இருந்திருந்தால், அந்த உண்மையை நொடியில் வெளிப்படுத்தியிருக்கும்.

செவியை மயக்குவன வேறு சிலவும் உண்டு. இரண்டு கருவிகளுள் ஒன்றைச் சிறிதளவு உரக்க ஒலிக்கவிட்டால், அதுவே இனிமையுடையது என்று நமக்குத் தோன்றும். விலை மிகுந்தது என்று முன்னரே அறிந்திருந்தால், அதன் இசையும் உயர்ந்தது என்று மனம் சொல்லும். சொந்தப் பணம் கொடுத்து வாங்கிய பின்னரோ, குறையை ஒப்புக்கொள்ளவே நா எழாது. ஆகவே, கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நாம் நன்கு அறிந்த ஒரே தகட்டை இரண்டு கருவிகளிலும் இசைக்கவேண்டும். ஒலியின் அளவைச் சமமாக வைக்கவேண்டும். எது எந்தக் கருவி என்று அறியாமல் கேட்கவேண்டும். அப்பொழுதுதான் செவி நடுநிலை பிறழாத நீதிபதியாக விளங்கும்.

மாமல்லபுரத்துச் சிற்பியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அங்கே 1957-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசினர் சிற்பப் பயிற்சிக்கூடம் வளர்ந்து, இன்று கல்லூரியாக விளங்குகிறது. சிலையின் தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அளவைச் சிற்ப நூல்கள் வரையறுத்துள்ளன. அவற்றை வழுவாமல் போற்றுவது சிற்பியின் கடமை. அளவில் அத்தனை கண்டிப்புடைய அவர், கல்லைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிடுவதில்லை. கல்லின் நீளத்தை அளவுகோல் சொல்லும்; உள்ளே ஓடும் பிளவை அது சொல்லாது. பிளவுள்ள இடத்தில் அதிர்வு சிதறி மங்கிவிடுவதால், ஓசை அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும், ஓசையை மட்டும் நம்பிக் கையை எப்படி வைப்பது, முகத்தை எப்படி அமைப்பது என்று அறிய முடியாது. அளவுக்குரிய வினாவை அளவிடமும், செவிக்குரிய வினாவைச் செவியிடமும் கேட்பதே அவர் முறை.

எங்கள் பள்ளியும் அம்முறையைப் பின்னர் மேற்கொண்டது. ஈராண்டு கழித்துப் புதிய ஒலிப்பெட்டிகள் வாங்க நேர்ந்தபொழுது, அதே நாதசுவரத் தகட்டை எடுத்துக்கொண்டு சென்றோம். அறிவியல் ஆசிரியர் முதலில் பின்புறத்து எண்களைப் படித்து, நம்பத்தகாதவற்றை விலக்கினார். எஞ்சியவற்றின் ஒலியைச் சமமாக்கினார். பெட்டிகளைத் துணியால் மறைத்தோம். தவில்காரர் கண்களை மூடிக் கேட்டார். மூன்றாவது பெட்டி ஒலித்தபொழுது, அவருடைய இடக்கை தானாகவே தொடையில் தாளமிட்டது. "தொப்பி வந்துவிட்டது, ஐயா" என்றார். துணியை நீக்கிப் பார்த்தோம். அங்கிருந்தவற்றுள் மிகச் சிறிய எண்ணைத் தாங்கியிருந்த பெட்டி அதுதான்.

இன்று குறுந்தகட்டுக் கருவிகளை வாங்குவோர் குறைந்துவிட்டனர். ஆனால், எண்கள் குறையவில்லை. கைப்பேசியின் பெட்டியிலும், காதில் அணியும் ஹெட்போனின் பெட்டியிலும் அவை பெருகியே நிற்கின்றன. நீங்கள் வளர்ந்து பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்பொழுது எண்ணை முதலில் படியுங்கள்; அது எதை அளந்தது, எப்படி அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்று வினவுங்கள். அதன் பின்னர், விருப்பு வெறுப்பின்றி உங்கள் செவியால் கேளுங்கள். மனிதரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வரும்பொழுதும் அவ்வாறே செய்யுங்கள். மதிப்பெண் பட்டியலும் ஒரு விவரத்தாளே; அதனைப் படித்த பின்னர், எதிரே நிற்பவரைப் பேசவிட்டுக் கேட்பதும் நம் கடமையாகும்.