காலிக் கோட்டையில் நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுகிறோம்?



ஒவ்வொரு வருடமும் கிழக்கிலிருந்து எத்தனையோ பாடசாலை பஸ்கள் காலிக்குப் போகின்றன. கோட்டை மதிலில் ஏற்றுகிறோம். வெளிச்சவீட்டுக்கு முன்னால் குரூப் போட்டோ எடுக்கிறோம். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கிறோம். ஒன்றரை மணித்தியாலத்தில் தலையை எண்ணி மறுபடி பஸ்ஸில் ஏற்றுகிறோம். பிள்ளை வீட்டுக்கு வந்து "ஒல்லாந்தர் கட்டின கோட்டையப் பாத்தம்" என்று சொல்கிறது. அத்தோடு காலி முடிந்துவிடுகிறது. இது போதாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சென்ற தவணை விடுமுறையில் தரம் 10, 11 பிள்ளைகளோடு போயிருந்தோம். பொத்துவில், மொனராகலை, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று நீண்ட பயணம். கோட்டைக்குள் நடந்துபோகும்போது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இது வெள்ளக்காரன்ட ஊரா?"

அவன் கேட்டதில் பிழை இல்லை. அவன் கண்ணில் பட்டது அதுதான். தெருவுக்குத் தெரு ஹோட்டல், கோப்பிக் கடை, நகைக்கடை. பழைய வீடுகளின் திண்ணைகளில் வெளிநாட்டுப் பயணிகள். பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில். அவனுக்கு அன்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1344ஆம் ஆண்டு இப்னு பதூதா தேவேந்திரமுனையிலிருந்து காலிக்கு வந்தார். சிறிய ஊர் என்று எழுதிவைத்தார். அங்கே இப்ராஹீம் என்ற ஒரு கப்பல் தலைவர் தம்மை வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுத்ததையும் எழுதினார். போர்த்துக்கேயர் இந்தத் தீவில் கால் வைப்பதற்கு 160 வருடங்களுக்கு முந்திய செய்தி இது. அப்போது இந்தக் கோட்டையே இல்லை. ஆனால் வந்தவருக்குச் சோறு போட ஒரு முஸ்லிம் வீடு அங்கே இருந்தது.

அதற்கு 65 வருடங்களுக்குப் பிறகு, 1409ஆம் ஆண்டுத் திகதியோடு ஒரு கல்வெட்டு வருகிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேவேந்திரமுனை விஷ்ணுவுக்கு, அதாவது தென்னாவர நாயனாருக்கு. பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரால். மூவருக்கும் ஒத்த காணிக்கை. தென்கரையில் யார் யார் வாழ்ந்தார்கள், யாரையெல்லாம் மதிக்க வேண்டியிருந்தது என்பதை வந்தவர் தெரிந்து வைத்திருக்கிறார். செங் ஹவும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

அந்தக் கல் எங்கே கிடைத்தது தெரியுமா? 1911இல், காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எத்தனையோ வருடம் மக்கள் அதன் மேலே நடந்து போயிருக்கிறார்கள்.

கோட்டையின் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1588இல் போர்த்துக்கேயர், 1640இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர். பாடப்புத்தகத்தில் இல்லாதது, இந்த மூவர் ஆட்சியிலும் அங்கே துணியும் மாணிக்கமும் விற்றுப் பிழைத்த நம் மக்களின் கதை. அங்கே பெட்லர் வீதி என்று ஒரு வீதி உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் அதன் பெயரே சோனக வியாபாரிகள் தெரு. 1892இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரி இன்றும் நடக்கிறது. வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் வெள்ளைக் கட்டிடத்தை நம் பிள்ளைகள் பலர் தேவாலயம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். 1904இல் கட்டியது.

அந்தப் பள்ளியில்தான் ளுஹர் தொழுதோம். தொழுகை முடிந்து ஒரு பெரியவரோடு கதைத்தேன். "முந்தி இந்தத் தெருவுல ஊட்டுக்கு ஊடு எங்கட ஆக்கள்தான் ஈந்த. இப்ப விரல் விட்டு எண்ணலாம் தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனசில் நின்றுவிட்டது.

ஏன் விற்கிறார்கள் என்று கேட்பது சுலபம். யோசித்துப் பாருங்கள். வாப்பா மௌத்தானால் வீட்டுக்கு ஏழு, எட்டு வாரிசு. யாருக்கும் தனியாக வாழ இடம் போதாது. தொல்பொருள் சட்டத்தால் நினைத்தபடி ஓர் அறை கட்டவும் முடியாது, கூரையை மாற்றவும் முடியாது. கடல் உப்பில் சுவர் உரிந்துகொண்டே இருக்கும். பராமரிக்கக் காசு வேண்டும். அந்த நேரத்தில் கனவிலும் காணாத விலைக்கு ஒருவர் கேட்டால் விற்பார்கள்தானே? நாமாக இருந்தாலும் விற்போம். ஆகவே அந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உல்லாசப் பயணிகளால் பலருக்குத் தொழில் கிடைத்திருப்பதும் உண்மை. சொந்த வீட்டிலேயே இரண்டு அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டு, மற்றப் பகுதியில் குடும்பத்தோடு இருப்பவர்களும் அங்கே உண்டு. எனக்கு அது நல்ல வழியாகத் தெரிகிறது.

என் கவலை வேறு. 1988இல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் மதிலுக்குப் பாதுகாப்பு உண்டு, ஜன்னலுக்கும் ஓட்டுக்கும் உண்டு. ஆனால் அங்கே குடியிருக்கும் மனிதர்களைப் பிடித்து வைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயத்துக்குள் போனால் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பதித்திருப்பதைக் காணலாம். பறங்கியர் ஒரு காலத்தில் அந்தக் கோட்டையின் முக்கியமான சமூகம். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஏனென்றால் அவர்கள் எழுதி வைத்தார்கள். பிறப்பை, திருமணத்தை, மரணத்தை, வியாபாரக் கணக்கை, எல்லாவற்றையும் எழுதினார்கள். நாம் எதை எழுதி வைத்திருக்கிறோம்? நாளைக்குக் கடைசி வீடும் கைமாறினால், 'இங்கே முஸ்லிம்களும் இருந்தார்கள்' என்று ஒரு வழிகாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார். இன்னாரின் குடும்பம் இந்த வீட்டில் இருந்தது, இன்ன தொழில் செய்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

இது காலியின் பிரச்சினை மட்டுமல்ல. 2004 சுனாமியில் காலி பஸ் நிலையத்தையே கடல் வாரிக்கொண்டு போனது. கோட்டைக்குள் இருந்தவர்களை அந்த மதில் காப்பாற்றியது. நம் கரையோரத்தில் மதில் இல்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு சேர்ந்து வீட்டு உறுதிகள், பழைய போட்டோக்கள், கைப்பிரதிகள் எல்லாம் போயின. அவற்றின் பிரதி எங்கும் இல்லை. 20 வருடம் கடந்தும் எத்தனை ஊரில் அந்த இடைவெளியை நிரப்ப உட்கார்ந்திருக்கிறோம்?

சக ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, காலிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு மணித்தியாலம் கூடுதலாக ஒதுக்குங்கள். பள்ளியில் தொழுங்கள். அங்குள்ள ஒரு பெரியவரிடம் முன்கூட்டியே பேசி, பிள்ளைகளோடு பத்து நிமிடம் கதைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

இரண்டு, கொழும்புச் சுற்றுலாவில் மிருகக்காட்சிச்சாலையோடு நிறுத்தாமல் நூதனசாலையில் அந்த மும்மொழிக் கல்லைக் காட்டுங்கள். நம் மொழி அதில் இருக்கிறது. நம் மார்க்கம் இருக்கிறது. பக்கத்திலேயே மற்றவர்களின் மார்க்கமும் இருக்கிறது. இந்த நாட்டில் நாம் நேற்று வந்தவர்கள் என்று யாராவது சொன்னால், பிள்ளை கோபப்படத் தேவையில்லை. அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னால் போதும்.

மூன்று, வரலாற்றுப் பாட ஒப்படையை ஊருக்குள்ளேயே கொடுங்கள். பள்ளிவாசல் எப்போது கட்டியது, முதல் பாடசாலை எந்த வளவில் நடந்தது, சந்தைக்கு எந்த ஊர் ஆட்கள் வந்தார்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதியட்டும், பிறகு அதைக் கேட்டு எழுதட்டும். ஒரு வகுப்பில் 35 பிள்ளை என்றால் 35 பெரியவர்களின் கதை கிடைக்கும். பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு கொப்பியைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் 80 தாண்டிய வாப்பும்மாவோ மூத்தவாப்பாவோ இருந்தால், பாடசாலை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்தில் உட்காருங்கள். "உங்கட சின்ன வயசுல நம்மட தெரு எப்பிடி இருந்திச்சி?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.