தொண்டைமானின் படைக்கொட்டில்: போர்ப்பாவனை விளையாட்டுக் குழுக்களை முன்வைத்து

இலக்கியக் கூட்டங்களில் தேநீர் இடைவேளையின்போது அண்மைக் காலமாக ஓர் ஏளனம் தவறாமல் காதில் விழுகிறது. "பையன்கள் கணினியில் பொய்ச்சண்டை போடுகிறார்கள், அதற்கும் பயிற்சியாம், தேர்வாம், தகுதிச் சான்றாம்!" என்று ஒருவர் சொல்ல, சுற்றி நிற்போர் சிரிக்கின்றனர். சிரிப்பவர்களில் முதுகலைப் பட்டம் பெற்றோர் உண்டு, ஆய்வியல் நிறைஞர் உண்டு, முனைவரும் உண்டு. பொய்ச்சண்டை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். அதற்குப் பின்னர் வருவோம். அந்த வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் வியப்புக்குறியோடுதான் நமக்கு முதல் வழக்கு. தேர்வு, தகுதி, சான்று ஆகிய மூன்று சொற்களைக் கேட்டு அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை தமிழ்த்துறையினராகிய நமக்கு இருக்கிறதா?

முதலில் அந்தக் குழுக்கள் எவை என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரியாத ஒன்றைக் கண்டு சிரிப்பது நம் துறையில் புதிதன்று என்றாலும். செக் நாட்டின் பொகீமியா இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய 'ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்' என்னும் விளையாட்டு 2001இல் வெளிவந்தது. அதன் வழித்தோன்றலான 'ஆர்மா 3' 2013இல் வந்தது. கண்டதும் சுட்டு, செத்ததும் உடனே உயிர்த்தெழுந்து ஓடும் கைப்பேசி விளையாட்டுகளுக்கும் இதற்கும் தொலைவு மிக அதிகம். வரைபடத்தைப் படிக்க வேண்டும். வானொலியில் முறைப்படி பேச வேண்டும். ஒரு மணி நேரம் வயல்வெளியில் நடந்து, ஒரு குண்டும் சுடாமல், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத குண்டில் வீழ்ந்துபோகவும் வேண்டும். இவ்விளையாட்டைச் சுற்றி உலகெங்கும் குழுக்கள் அமைந்தன. 'மில்சிம்' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இக்குழுக்கள் புதிதாக வருபவரை நேரே களத்தில் இறக்குவதில்லை. அடிப்படைப் பயிற்சி ஒன்று உண்டு. அதைக் கடந்தபின் இயந்திரத் துப்பாக்கியாளர், வானொலியாளர், மெடிக் எனப்படும் களமருத்துவர், விமானி, அணித்தலைவர் என்று பிரிவுதோறும் தனிப்பயிற்சி. பயிற்றுநர் முன்னிலையில் செய்துகாட்டினால்தான் பெயருக்கு நேரே தகுதி ஏறும். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின் கூடியிருந்து, யார் எங்கே பிழைத்தோம் என்று அலசுவார்கள். நெடுநாள் வராமலிருந்தவரை மீண்டும் தேர்வுக்கு நிற்கச் சொல்லும் குழுக்களும் உண்டு.

இந்தக் கடைசி வாக்கியத்தை நண்பர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம். பெற்ற தகுதி, பயன்படுத்தாவிட்டால் போய்விடும்!

நம் முதுகலை வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர். தந்தைக்குப் பெங்களூரில் கட்டட வேலை. விடுதி அறையில் நண்பரின் கணினியில் இரவு நேரத்தில் இத்தகைய குழுவொன்றில் விளையாடுவார். களமருத்துவர் தேர்வில் இருமுறை தோற்றதாக ஒருநாள் சொன்னார். முதல்முறை, காயம்பட்டவனை மறைவிடத்துக்கு இழுத்துச் செல்லாமல் திறந்தவெளியிலேயே கட்டுப்போட முனைந்தாராம், இருவரும் செத்தார்கள். இரண்டாம் முறை, இரத்தப் பெருக்கை நிறுத்துமுன் வலிமருந்து கொடுத்துவிட்டாராம். மூன்றாம் முறைதான் தேறினார். "உனக்கு வருத்தமில்லையா?" என்று கேட்டோம். "செத்தது நான் பார்க்க வேண்டிய ஆள்தானே ஐயா" என்றார். தேர்வு தமக்கு அநீதி இழைத்ததாக அவர் நினைக்கவேயில்லை.

அதே மாணவர் நம் புறப்பொருள் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். வெட்சித் துறைகளையும் கரந்தைத் துறைகளையும் வழிகாட்டி நூலிலிருந்து பிசகாமல் ஒப்பித்து எழுதியிருந்தார். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளும், காட்சி முதல் வாழ்த்தல் வரை, வரிசை மாறாமல் விடைத்தாளில் இருந்தன. ஆனால் அவர் அதுவரை ஒரு நடுகல்லைக்கூட நேரில் பார்த்ததில்லை. தருமபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பேருந்தில் போய்த் திரும்ப அரைநாள் போதும். போகச் சொல்லி அவரை யாரும் தேர்வு வைக்கவில்லை. ஆக, எந்த இடத்தில் இவருக்குப் பயிற்சி கிடைத்தது, எந்த இடத்தில் வெறும் சான்றிதழ் கிடைத்தது?

இதை ஒரு மாணவரின் கதையாகச் சுருக்கிவிட வேண்டாம். ஆசிரியர்களின் கதை இதைவிடச் சிறப்பு. 2010ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் ஆசிரியரின் கல்விச் செயல்பாட்டைப் புள்ளிகளாக எண்ணத் தொடங்கின. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை. விளைவு என்ன? பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை அச்சிடும் இதழ்கள் காளான்களாக முளைத்தன. அதைத் தடுக்க ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று ஒரு பட்டியல் வந்தது. 2025இல் அந்தப் பட்டியலும் கைவிடப்பட்டது. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றார்கள், நாள் தள்ளிப்போட்டார்கள், 2023இல் நெட், செட் தேர்ச்சியே போதும் என்று திரும்பிவிட்டார்கள். ஆய்வியல் நிறைஞர் பட்டம் 2022 விதிகளோடு மறைந்தது. இத்தனை மாற்றங்களிலும் ஒருவர் வகுப்பில் நின்று ஒரு பாட்டை நடத்திக்காட்டி, அதைத் தகுந்தவர்கள் பார்த்து, "போதாது, மீண்டும் வாருங்கள்" என்று திருப்பியனுப்பும் ஏற்பாடு மட்டும் நிலைபெறவில்லை. பதவி உயர்வுக்கான புத்தாக்கப் பயிற்சிக்குப் போய் வந்தவர்களுக்கு அங்கே எவ்வளவு புத்தாக்கம் நடக்கிறதென்று தெரியும். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டவர் யாரும் தேறாமல் திரும்பியதை நாம் கண்டதில்லை.

"அவர்கள் சான்றுக்கு வெளியில் ஒரு காசு மதிப்பில்லையே" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான், நம் வாதத்தின் ஆணிவேரும் அதுவே. அந்தச் சான்றைக் காட்டி வேலை கேட்க முடியாது, கடன் வாங்க முடியாது, திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவும் முடியாது. ஆகவே அதைப் போலியாக அச்சடிக்க எவருக்கும் தேவையில்லை. தகுதியற்றவரைத் தேற்றிவிட்டால் அடுத்த சனிக்கிழமை இரவே முழு அணியும் அழியும். தேற்றிவிட்ட பயிற்றுநரும் அந்த அணியில்தான் இருப்பார்.

தேசிய மாணவர் படையை இதனோடு ஒப்பிடலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அப்படை, சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாகி, 1968இல் மீண்டும் விருப்பத்துக்குரியதானது. அதன் 'சி' சான்றிதழை உரிய தரத்தோடு பெற்ற பட்டதாரி, எழுத்துத் தேர்வின்றி இராணுவ அதிகாரிக்கான நேர்முகத்துக்குச் செல்ல வழியுண்டு. நல்ல ஏற்பாடுதான்; நம் மாவட்டத்து எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்த தன்னம்பிக்கையை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். எனினும் சான்றிதழுக்கு வெளியே விலை ஏற ஏற, அணிவகுப்புத் திடலில் நிற்கும் பையனின் கண் பயிற்சியை விட்டு விலகி விண்ணப்பப் படிவத்துக்குப் போவதைக் கல்லூரியில் இருப்பவர் எவரும் மறுக்கமாட்டார்.

விளையாட்டு, பயிற்சி, ஆள்சேர்ப்பு ஆகிய மூன்றும் எங்கே கலக்கின்றன என்பதற்கு அயல்நாட்டுச் சான்றுகளும் உள்ளன. பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் 1812இல் அரசருக்குக் காட்டிய போர்விளையாட்டை அவருடைய மகன் 1824இல் திருத்தி வெளியிட்டார். எதிரியின் படை எங்கிருக்கிறதென்று ஆடுபவருக்குத் தெரியாது; நடுவருக்கு மட்டுமே தெரியும். அதிகாரிகளுக்கு அது பயிற்சியாயிற்று. அமெரிக்க இராணுவமோ 2002இல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்டு 2022வரை நடத்தியது. அதிலும் களமருத்துவர் ஆக வேண்டுமானால் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டுத் தேர்வெழுத வேண்டும். அங்கே கற்ற முதலுதவியை வைத்து வட கரோலினாவில் ஒருவர் 2007இன் இறுதியில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவியதாகச் செய்தி வந்தது. ஆனால் அந்த விளையாட்டின் நோக்கம் ஆள்சேர்ப்பு. இதை மறைத்துப் பேசினால் நாம் நேர்மையற்றவர்களாவோம்.

இனி, ஏளனத்தைவிடக் கனமான மறுப்பு ஒன்றுக்கு வருவோம். 2009 மே மாதம்வரை நம் மொழி பேசும் மக்கள் உண்மையான குண்டுகளின் கீழ் செத்தார்கள். போரை விளையாட்டாக்குவது தமிழனுக்கு எப்படித் தகும் என்று ஒரு நண்பர் கேட்டார். இதற்கு எதிரே நாம் சிரிக்கமாட்டோம். அந்தக் குழுக்களின் பயிற்சியில் உண்மையிலேயே இருக்கும் ஓட்டை இங்கேதான் தெரிகிறது. அவர்கள் வரைபடம் கற்பிக்கிறார்கள், வானொலி கற்பிக்கிறார்கள், கட்டுப்போடவும் கற்பிக்கிறார்கள். செத்தவனுக்குப் பின் ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு அங்கே பாடம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் செத்தவர் எழுந்து அலசலில் கலந்துகொள்கிறார்.

தமிழின் போரிலக்கணம் அப்படி வகுக்கப்படவில்லை. ஆநிரை கவரப் புறப்படும் வெட்சித்திணையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொல்காப்பியர் நடுகல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். போகிறவனுக்கு அவன் கல்லும் பாடத்திட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. கையறுநிலை வேறு தாள் அன்று. இதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுதியுடையவர்கள் நாம். ஆனால் நாமோ தேநீர்க் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நடுகல்லே ஒரு தகுதிச் சான்றுதானே? தருமபுரி, செங்கம் பகுதிகளின் வட்டெழுத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னரின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எவருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு, அதை மீட்டுப் பட்டானா கவர்ந்து பட்டானா என்பவை அதில் இருக்கும். என்ன படித்தான், எந்தப் பயிற்சி முடித்தான் என்று கல் கேட்பதில்லை. செயல் முடிந்தபின் ஊரார் வெட்டிய சான்று அது. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று நாய்க்கும் இடம் தந்திருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்தது என்று கல் சொல்கிறது. கருத்தரங்கச் சான்றிதழ் எத்தனை என்று அந்த நாயிடம் எவரும் கேட்கவில்லை.

நம் தகடூரின் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். நெய் பூசி, மாலை சூட்டி, காவலுடைய கொட்டிலில் அடுக்கிய படைக்கலம் ஒருபுறம். நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் படைக்கலம் மறுபுறம். இதைப் புகழ்வதுபோல் பழித்தலுக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிப்போட்டு மணியடித்ததும் வெளியே வந்துவிடுகிறோம். ஓய்வறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் நம் பட்டங்கள் எந்தக் கொட்டிலைச் சேர்ந்தவை என்று மாணவர் எவரேனும் ஒருநாள் கேட்டால், குறிப்புதவி நூலில் அதற்கு விடை கிடையாது.

அடுத்த புத்தாக்கப் பயிற்சியை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறோம். இருபது உரைகளைக் குறைத்துவிட்டு, பங்கேற்கும் தமிழாசிரியர்களை ஒருநாள் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கொரு வட்டெழுத்து நடுகல்லின் முன் நிறுத்துங்கள். மைப்படியும் அச்சுப்பாடமும் கையில் வேண்டாம். படித்துக்காட்டுபவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுங்கள். மற்றவர்களை ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லுங்கள். பட்டியலில் நம் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.