வம்சாவளியின் வெற்றிடங்கள்

மேற்றிசை நோக்கிச் சென்ற அமெரிக்க முன்னோடிக் குடும்பங்களின் வம்சாவளிகள் நூறு நூறாக அச்சேறியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே கதையையே கூறுகின்றன: மூதாதை கடல் கடந்தான்; மக்கள் காடு திருத்தினர்; பேரர் மலை தாண்டினர்; உழைப்பால் உயர்ந்தனர். இதனைச் சரித்திரமென ஏற்க நாம் மறுக்கிறோம். இது முழுப் பொய் என்பதனால் அன்று; உண்மையிற் பாதி இதில் மறைக்கப்பட்டுள்ளது என்பதனால்.

யாவரும் அறிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1637ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மசாசுசெற்ஸ் சேர்ந்தவர் சாமுவேல் லிங்கன். அவர் வழியினர் நியூ ஜேர்சி, பென்சில்வேனியா, வேர்ஜீனியா எனத் தலைமுறை தோறும் பெயர்ந்தனர். 1780களில் கப்டன் ஆபிரகாம் லிங்கன் கென்ரக்கியை அடைந்தார். அவருடைய மகன் தோமஸ் 1816இல் இந்தியானாவுக்கும் 1830இல் இலினோய்க்கும் சென்றார். தோமசின் மகனே பின்னாளிற் சனாதிபதியான ஆபிரகாம் லிங்கன்.

இவர்கள் ஏன் பெயர்ந்தனர்? இரத்தத்தில் ஊறிய துணிவு என்பர் வம்சாவளிக்காரர். உண்மை வேறு. 1786இல் கப்டன் கொல்லப்பட்டபோது, அக்காலச் சட்டப்படி சொத்து மூத்த மகனைச் சேர்ந்தது. இளையவரான தோமஸ் கூலிக்கு உழைத்து வளர்ந்தார். கென்ரக்கியில் நில உறுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. வழக்காட வசதி படைத்தோர் வென்றனர். தோமஸ் நிலம் இழந்தார். கென்ரக்கியை விட்டு நீங்கியதற்கு அடிமை முறை ஒரு பகுதிக் காரணம் என்றும், நில உறுதிச் சிக்கலே முதன்மைக் காரணம் என்றும் சனாதிபதி லிங்கனே பின்னர் எழுதினார். இந்தியானாவில் 160 ஏக்கருக்குப் பதிந்த தோமஸ், முடிவில் 80 ஏக்கருக்கே பணம் செலுத்தி உரிமை பெற்றார். இது இரத்தத்தின் துடிப்பா? நிலவுடைமையின் நெருக்குதல் அன்றோ?

அடுத்த வினா இன்னும் கடியது. அந்த நிலம் யாருடையது? ‘வெற்று நிலம்’ அமெரிக்க வாழ்வை உருவாக்கிற்று என 1893இல் பிரெடரிக் ஜாக்சன் ரேணர் முழங்கினார். நிலம் வெறுமையாக இருக்கவில்லை, வெறுமையாக்கப்பட்டது. ஷோனி மக்கள் வேட்டையாடிய கென்ரக்கி மண்ணை, அவர்களது சம்மதமின்றியே, 1768இல் இரோகுவாக்கள் பிரித்தானியருக்கு எழுதிக் கொடுத்தனர். கப்டனைப் பூர்வகுடிகள் கொன்றனர் எனத் தவறாது எழுதும் ஏடுகள், அவர் யாருடைய மண்ணிற் பயிரிட்டார் என்பதை எழுதுவதில்லை. 1832இல், மிசிசிப்பியின் கிழக்கே தம் பழைய நிலத்துக்கு மீண்ட சோக் மக்களை எதிர்த்து எழுந்த தொண்டர் படையொன்றுக்கு இளம் லிங்கனே தலைவர். அவர் சமர் எதனையும் காணவில்லை. ஆயினும், அந்த யுத்தம் ஆற்றங்கரையிற் பெண்களும் குழந்தைகளும் மடிந்த படுகொலையில் முடிந்தது.

ஏடுகளின் வெற்றிடம் இவ்வளவே அன்று. 1790 முதல் 1840 வரை எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. 1850இலும் 1860இலும் தயாரித்த அடிமை அட்டவணைகளில் உடைமையாளரின் பெயர் உண்டு. அடிமைகளோ பெரும்பாலும் வயது, பால், நிறம் என்ற குறிப்புகளே. தோமசின் சிறிய தந்தை ஐசாக் டெனசியில் அடிமைகளை வைத்திருந்தார். ஐசாக்கின் மூதாதையர் வரிசையை வரையலாம். அவருடைய வயலில் உழைத்தோரின் கிளையை வரைவது எங்ஙனம்?

அடிமை விடுதலைப் பிரகடனம் செய்தவரைச் சிறுமைப்படுத்துகிறோம் எனச் சிலர் சினக்கலாம். இல்லை. மரக்குடிலிற் பிறந்தவன் சொந்த முயற்சியால் உயர்ந்தான் என்ற கட்டுக்கதையையே சாடுகிறோம். வறியவன் உயரவில்லையெனில் அது அவன் குற்றமே எனக் கற்பிப்பதற்கு அக்கதை வசதியாயிருக்கிறது. அதே காட்டில் அதே கோடரி ஏந்தி, நிலமின்றியே மாண்டவர்களுக்கு எவர் வம்சாவளி எழுதினர்?

வம்சாவளிகளைக் கொளுத்த வேண்டியதில்லை. வகுப்பறையில் அவற்றை விரித்து வைத்து மூன்று வினாக்களை எழுப்பினாற் போதும்: நிலம் எவரிடமிருந்து வந்தது? உழைத்தவர் யாவர்? பெயர் விடுபட்டவர் யாவர்? இவற்றுக்கு விடை தேடப் பழகும் மாணவன், எந்த நாட்டின் எந்தக் குலப்பெருமைக்கும் எளிதில் தலைவணங்கமாட்டான்.