வென்ற அணி எங்கே போயிற்று?

2022 மார்ச்சில் நான் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெர்சி சிட்டியில் குடியிருந்தேன். அங்குள்ள இந்தியக் கடைத்தெருவிலிருந்து பேருந்தில் சில நிமிடங்களில் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகத்தை அடைந்துவிடலாம். 1872இல் இயேசு சபையினர் தொடங்கிய அந்த நிறுவனத்தில் இளநிலை மாணவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அதன் கூடைப்பந்து அணியின் சின்னம் மயில். கடைக்குப் போகும் வழியில் அந்த மயில் படத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன்; அணி ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. ஊர்க்காரர்களில் பலருக்கும் அதே நிலைதான்.

மார்ச் 17 இரவு அது மாறிற்று. தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் முதல் சுற்றில், எட்டு முறை பட்டம் வென்ற கென்டக்கி பல்கலைக்கழக அணியைக் கூடுதல் நேரத்தில் 85–79 என்ற கணக்கில் ‘மயில்கள்’ வீழ்த்தின. கென்டக்கி பயிற்சியாளரின் ஆண்டு ஊதியம் மட்டுமே 80 இலட்சம் டாலருக்கு மேல்; செயின்ட் பீட்டர்ஸ் தன் அணி முழுவதற்கும் செலவிட்ட தொகை அதில் ஒரு சிறு பங்கு. அடுத்து முர்ரே ஸ்டேட், அதற்கடுத்து பர்டூ. மண்டலத் தரவரிசையில் 15ஆம் இடத்திலிருந்த ஓர் அணி கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்தது அதுவே முதல் முறை. அங்கே வட கரோலினாவிடம் 69–49 என்று தோற்றார்கள். தோற்ற அன்றும் ஊர் கொண்டாடிற்று.

மூன்றே நாளில் பயிற்சியாளர் அதே மாநிலத்தின் வேறொரு பெரிய கல்லூரிக்குப் பொறுப்பேற்றுச் சென்றார். அது அவர் படித்து, ஆடி வளர்ந்த கல்லூரி. தொடர்ந்து முதன்மை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெவ்வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். அடுத்த பருவத்தில் அந்த மயில் சட்டையை அணிந்து வந்தவர்களில் பலர் புதியவர்கள்.

ஒரு சலூனில் நடந்த வாதம்

நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் அந்த வசந்தகாலம் முழுவதும் இதே பேச்சு. அக்கல்லூரியில் பல பத்தாண்டுகளுக்கு முன் படித்த பெரியவர் ஒருவர், “பத்து நாள் நம்மை அழவைத்துவிட்டுப் பையன்கள் போய்விட்டார்கள்” என்று மனம் நொந்தார். அங்கே பகுதிநேர வேலை செய்த மாணவர் உடனே கேட்டார்: “பயிற்சியாளர் போனபோது வாழ்த்துச் சொன்னீர்களே, ஆட்டக்காரர் போனால் மட்டும் துரோகமா?” பெரியவரிடம் பதில் இல்லை. ஆனால், அவருடைய வருத்தமும் குறையவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இன்று சிக்கியிருக்கும் இடம் இந்த இருவருக்கும் நடுவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாணவரின் கேள்வி நியாயமானது. பெரியவரின் இழப்பும் உண்மையானது.

‘மார்ச் மேட்னஸ்’ என்று அழைக்கப்படும் இந்தப் போட்டி 1939இல் தொடங்கியது. இப்போது 68 அணிகள் ஆடுகின்றன. ஒருமுறை தோற்றால் வெளியேற்றம். இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அதனால்தான் சிறிய கல்லூரிக்கு அங்கே ஓர் இரவு கிடைக்கிறது. 2018இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் கவுன்டி வளாக அணி, 16ஆம் இடத்திலிருந்து, முதலிடத்து வர்ஜீனியாவை 74–54 என்று தோற்கடித்தது. ஆடவர் போட்டியில் அதற்குமுன் அப்படி நிகழ்ந்ததே இல்லை. மறு ஆண்டே வர்ஜீனியா பட்டம் வென்றது. யார் யாரை வெல்வார் என்று அட்டவணையை நிரப்பிக் கணிப்பது அங்கே கோடிக்கணக்கானோரின் வழக்கம். முழு அட்டவணையையும் பிழையின்றிக் கணித்ததாக இதுவரை உறுதிசெய்யப்பட்டவர் எவருமில்லை.

பணம் யாருக்குப் போயிற்று?

இந்தப் பரவசத்தின் மீது ஒரு பெரும் வணிகம் எழுந்தது. 2010இல் சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 14 ஆண்டு ஒளிபரப்புக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தன. 2016இல் மேலும் 880 கோடி டாலருக்கு 2032 வரை அது நீட்டிக்கப்பட்டது. பயிற்சியாளர்கள் செல்வந்தர்களானார்கள். ஆடிய இளைஞர்களுக்கோ படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும்தான். தன் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற்றால், ஆடும் தகுதியே போய்விடும். இவர்களுள் பெரும்பகுதியினர் கறுப்பின இளைஞர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அநீதியின் அளவு புரியும்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு விதியும் தளர்ந்திருந்தது. முன்பு கல்லூரி மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். பிறகு ஒருமுறை காத்திருக்காமல் மாறலாம் என்றார்கள். 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ வழக்குச் சமரசத்தின்படி, முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. இனி ஒவ்வொரு கல்லூரியும் முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நீதிதான். சேர்ந்து என்ன விளைந்தது என்பதே கேள்வி.

ஏணியின் கீழ்ப்படிகள்

சிகாகோவின் லயோலா கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 2018இல் 11ஆம் இடத்திலிருந்து கடைசி நான்கு அணிகளுள் ஒன்றானது. சக்கர நாற்காலியில் அமர்ந்து அணிக்காக வேண்டிய 98 வயது அருட்சகோதரி ஜீன் உலகப் புகழ் பெற்றார்; 2025 அக்டோபரில், 106 வயதில் அவர் காலமானார். அவரைவிட எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. 2018இல் முதலாண்டு மாணவராக அந்த அணியில் ஆடிய ஒருவர், 2021 வரை அங்கேயே இருந்து, மண்டலத்தில் முதலிடம் பெற்ற இல்லினாயை வீழ்த்திய ஆட்டத்திலும் முன்னின்றார். நான்காண்டுகள் ஒரே முகத்தைக் கண்டு பழகும் அந்த உறவுதான் கல்லூரி ரசிகரின் சொத்து. இன்றைய சந்தையில் அத்தகைய ஒருவரை முதலாண்டு முடிவிலேயே பெரிய கல்லூரிகள் அணுகிவிடும்.

2025 போட்டியில் கடைசி 16 அணிகளும் பணபலம் மிக்க பெரும் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. கடைசி நான்கு அணிகளும் தத்தம் மண்டலத்தில் முதலிடம் பெற்றவை. 2008க்குப் பின் இரண்டாம் முறையாக இப்படி நேர்ந்தது. ஹூஸ்டனை 65–63 என்று வென்று ஃபுளோரிடா பட்டம் பெற்றது. முதல் சுற்றில் அதிர்ச்சி அளித்த மெக்னீஸ், டிரேக், கொலராடோ ஸ்டேட் ஆகிய மூன்றின் பயிற்சியாளர்களும் சில நாள்களில் பெரிய கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டார்கள்.

ஓராண்டை வைத்து முடிவு கட்டலாகாது. புதிய விதிகள் வந்த பின்னரே செயின்ட் பீட்டர்ஸ் அதிசயமும் நிகழ்ந்தது. 2023இல் கடைசி நான்கில் ஒரு முதலிடத்து அணிகூட இல்லை. எனினும் சிறிய கல்லூரி தேடிக் கண்டெடுத்து வளர்க்க, பெரிய கல்லூரி அறுவடை செய்யும் போக்கு கண்கூடு.

என்ன செய்யலாம்?

பழைய நாளுக்குத் திரும்புவது தீர்வாகாது. ரசிகரின் மகிழ்ச்சிக்காக இருபது வயது இளைஞர் ஊதியமின்றி ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லாது. ஆனால், பயிற்சியாளர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறினால் பழைய கல்லூரிக்கு ஈட்டுத்தொகை கிடைக்கும்படி ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. ஆட்டக்காரரை வளர்த்த சிறிய கல்லூரிக்கோ பெரும்பாலும் வெறுங்கைதான். உலகக் கால்பந்தில், இளம் வீரரை வளர்த்த மன்றத்துக்குப் பயிற்சி ஈடு தரும் முறை நெடுங்காலமாக உள்ளது. அந்த ஈட்டைப் புதிய கல்லூரி தர வேண்டும். வீரரின் வருமானத்தில் கைவைக்கக் கூடாது. வீரர்களை முறையாகப் பேரம் பேசும் உரிமையுள்ள தரப்பாக ஏற்றால், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களும் அவர்களின் சம்மதத்தோடே வரும். சம்மதமின்றித் திணிக்கும் கட்டுப்பாடுகளைத்தான் நீதிமன்றங்கள் அடுத்தடுத்துத் தகர்த்துவருகின்றன.

போட்டி வருவாயையும் கவனிக்க வேண்டும். ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உரிய பங்கு ஆறு ஆண்டுகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. அது நேரே கல்லூரிக்கு வராமல் கூட்டமைப்புக்குப் போகிறது. வென்ற சிறிய கல்லூரிக்கு அதில் கூடுதல் பங்கு உறுதியானால், அடுத்த அணியைக் கட்ட அது உதவும்.

2024இல் செயின்ட் பீட்டர்ஸ் மீண்டும் இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றது. பயிற்சியாளர் வேறு, அணியும் ஏறக்குறைய வேறு. அதற்குள் நான் சென்னை திரும்பியிருந்தேன். நம்மூர் நேரப்படி காலை ஏழு மணி அளவில், காபியும் கைபேசியுமாக உட்கார்ந்தேன். டென்னஸியிடம் 83–49 என்று தோற்றார்கள். சலூன் பெரியவருக்குச் செய்தி அனுப்பினேன். “முழுதும் பார்த்தேன். பாதிப் பேரின் பெயர் தெரியாது; கற்றுக்கொண்டிருக்கிறேன்” என்று பதில் வந்தது.

அவர் கற்று முடிக்கும்வரையாவது அந்த இளைஞர்கள் அங்கே இருக்கும்படியான ஏற்பாட்டை, அவர்களுடைய சம்மதத்தோடும் உரிய ஊதியத்தோடும் செய்து தருவது கல்லூரிகளின் பொறுப்பு.